செய்தி கடத்தலும் செயற் சிக்கனமும்

மாத்தளைக்கெனக் கட்டிய அஞ்சற்பையைக் கண்டியில் அவிழ்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் படித்து, மீண்டும் கட்டி அனுப்பின் காலமும் உழைப்பும் வீணாகுமன்றோ? கணினிகளுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருள்கள் பல முன்னர் இவ்வாறே இயங்கின. எக்ஸ்.எம்.எல். செய்தி முழுவதையும் நினைவகத்தில் மரம்போல் விரித்த பின்னரே அதன் தலைப்பை நோக்கின. செய்தி பெரிதாகுந்தோறும் நினைவகம் நிரம்பியது, வேகம் குன்றியது.

இக்குறையைக் களைந்தோருள் நம் நாட்டினரும் உளர். அப்பாச்சி ஆக்சிஸ் 2 என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்குவதில் இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டனர். 2006 ஆம் ஆண்டில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன் உறுப்பாகிய ஆக்சியம், செய்தியை வேண்டுமளவே படித்துச் செல்லும். தலைப்புப் போதுமாயின் உடற்பகுதியை விரியாது விடும்.

எனினும், ஒப்பம் சரிபார்த்தல் போன்ற பணிகளுக்குச் செய்தி முழுவதையும் படித்தே ஆகவேண்டும். அங்கே இம்முறையாற் பயன் சிறிதே. ஆதலின், காலம் எங்கே செலவாகின்றது என்பதை முதலில் அளந்தறிதல் வேண்டும். அளந்த பின்னரே நிரலைத் திருத்துதல் முறையாகும்.

திறந்த மூல நிரல் எவர்க்கும் மறைக்கப்படுவதன்று. கொழும்புப் பொறியியலாளர் காணும் வரிகளையே நம் கல்லூரி மாணவனும் காணலாம், அளக்கலாம், திருத்தி அனுப்பலாம். அம்முயற்சியில் நம் மாணவர் இன்றே இறங்குவாராக.