ஏழு மலை ஏறப் போகிறாரா உங்கள் வீட்டுக்காரர்?

சிவராத்திரி நெருங்கினால் போதும்... கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கண்டிப்பாக எழும். ‘இந்த வருஷம் வெள்ளியங்கிரி போறோம்!’ நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள். வேன் பேசியாகிவிட்டிருக்கும். நமக்குச் செய்தி வரும்போது, ‘ராத்திரிக்கு எதாச்சும் கட்டிக் கொடு’ என்ற அளவில்தான் வரும். கட்டிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா, என்ன?

கோவையில் இருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பூண்டி. காந்திபுரத்தில் இருந்து பஸ் வசதி உண்டு. இங்கே மனோன்மணி அம்பாளுடன் அருள்பாலிக்கிறார் வெள்ளியங்கிரி ஆண்டவர். இந்தக் கோயிலை ஒட்டித் தொடங்கும் பாதையில் ஏழு மலைகளைக் கடந்தால், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 6,000 அடி உயரத்தில், பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் குகையில் சுயம்புலிங்கமாகத் தரிசனம் தருகிறார் ஈசன். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை. பாறையே சந்நிதி! ‘தென்கயிலாயம்’ என்று பக்தர்கள் போற்றுவது இந்தச் சிகரத்தைத்தான்.

கன்னியாகுமரியில் தவமிருந்த தேவியின் திருமணம் தடைப்பட்டுப் போனது அல்லவா? அந்தத் துயரத்துடன் சிவபெருமான் வந்து அமர்ந்த இடம் இது என்று ஒரு செவிவழிக் கதை சொல்வார்கள். ஏழு மலைகளும் நம் உடலில் உள்ள ஏழு சக்கரங்கள். மூலாதாரத்தில் இருந்து சகஸ்ராரம் வரை ஏறும் பயணமே இது என்று தத்துவம் சொல்பவர்களும் உண்டு. தத்துவம் இருக்கட்டும். ஏறுகிறவரின் முழங்காலுக்கும் இதயத்துக்கும் அது வெறும் படிக்கட்டுதான். அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

10 வயதுக்கு மேல் 50 வயதுக்குட்பட்ட பெண்கள் மலையேறுவதில்லை என்பது இங்கே நெடுங்கால வழக்கம். அடிவாரத்தோடு நின்றுவிடுகிற வயதுதான் எனக்கும். இந்த வழக்கம் சரியா, தவறா என்று பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. ஆனால் ஒன்று... மேலே போகிறவரின் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, போன மாதம் அவருக்கு சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அவரைவிட நமக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு!

ஆறு கிலோமீட்டர்தானே..?

ஒரு வழிக்கு சுமார் 6 கி.மீ. என்றதும், ‘தினமும் பார்க்கில் நடக்கிற தூரம்தானே’ என்பார்கள். சமதரையில் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால், இங்கே பழகிய இளைஞர்களுக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். மற்றவர்களுக்கு ஆறு, ஏழு மணி நேரம். இறங்குவதற்கும் அநேகமாக அதே அளவு. பழநியில் 700-க்குச் சற்றுக் குறைவான படிகள் ஏறியதுமே நமக்கு மூச்சு வாங்குகிறது. இங்கோ முதல் மலையே செங்குத்தான கற்படிகளாக நீண்டுகொண்டே போகும். வெள்ளை விநாயகர் சந்நிதியை எட்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

பிறகு அடுத்தடுத்து பாம்பாட்டிச் சுனை, வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை. கை தட்டினால் நீர் பெருகும் என்பது நம்பிக்கை. அப்புறம் ஒட்டன் சித்தர் சமாதி. அதையும் கடந்தால் பீமன் களியுருண்டை. வனவாசத்தின்போது பீமன் உருட்டி வைத்த களி உருண்டைதான் பாறையாகிவிட்டதாம்! கீழ்ப்பகுதியில் அடர்ந்த காடு. மேலே போகப் போக மரங்கள் குறைந்து, திறந்த புல்வெளி. காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கும்.

ஏழு மலை என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே மலை என்றால் ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம். இங்கே அப்படி இல்லை. ஆண்டி சுனையை நோக்கி இறங்கித்தான், அதன்பிறகு ஏழாவது மலையில் ஏற வேண்டும். போகும்போது இறங்கிய இடம், திரும்பும்போது ஏற்றமாகக் காத்திருக்கும். தரிசனம் முடிந்த நிறைவில், ‘இனி இறக்கம்தானே’ என்று நினைத்து வைத்திருந்த தெம்பையெல்லாம் செலவழித்து விட்டவர்கள் தவித்துப்போவது இங்கேதான். எனவே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்... ஏழாவது மலை உச்சியில் பயணம் பாதிதான் முடிந்திருக்கிறது!

வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில் ஏறத் தொடங்கி, விடியற்காலையில் உச்சியை அடைகிறார்கள். ஏறும்போது வியர்வை. நின்றால் குளிர். நனைந்த பனியனுடன் புல்வெளிக் காற்றில் உட்கார்ந்தால், உடம்புச் சூடு மளமளவென இறங்கிவிடும். ஒரு மாற்று பனியன், ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு மஃப்ளர்... இவற்றை நனையாதபடி பையில் வைத்து அனுப்புங்கள். ஆண்டி சுனையில் நீராடிவிட்டு மேலே ஏறுவது பலரது வழக்கம். பனிக்கட்டி போலக் குளிரும் அந்த நீர். ஏறி வந்த வேகத்தில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தலையில் ஊற்றிக்கொண்டால், ரத்தக் குழாய்கள் சட்டெனச் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறும். 40 வயதைக் கடந்தவர்கள் பத்து, பதினைந்து நிமிடங்களாவது உட்கார்ந்து மூச்சு சீரான பிறகு, முதலில் கை, கால், முகம் என்று நனைத்துக்கொள்வது நல்லது. இதய நோயாளி என்றால் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரதமும் மாத்திரையும்

வனத்துறை பொதுவாக பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் மழை, குளிர், யானை நடமாட்டம். இந்த நான்கு மாதங்களுக்குள்தான் சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் வருகின்றன. கூட்டமும் அப்போதுதான் அலைமோதும். 2024-ஆம் ஆண்டு பருவத்தில் மலையேறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்துபோனார்கள். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் செய்திகளைப் படித்தபோது, அவர்கள் வீட்டில் யார் சோறு கட்டிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மலையில் ஒருவர் மயங்கினால் ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டி, ஆட்கள் தோளில் சுமந்துதான் அடிவாரம் கொண்டுவர வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பரிசோதனையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். 40 வயதைத் தாண்டியவர், சிகரெட் பழக்கம் உள்ளவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தவர்... இவர்கள் ஒருமுறை டாக்டரைப் பார்த்து, ‘இப்படி ஒரு மலை ஏறப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வரட்டும். படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. நன்றாக இருந்துவிட்டாலே ஏறலாம் என்று அர்த்தமில்லை. உடம்பு பாடுபடும்போது இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்பதை அவரே சொல்வார்.

அடுத்தது சர்க்கரை. நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து இதுதான். மலைக்குப் போகிறோம் என்று அன்று பகல் முழுக்க விரதம் இருப்பார்கள். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். அல்லது வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொள்வார்கள். சாப்பாடு இல்லை; மாத்திரையோ இன்சுலினோ தன் வேலையைச் செய்கிறது; கால்களும் மணிக்கணக்கில் சர்க்கரையை எரிக்கின்றன. விளைவு..? ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும். இரவு நேரத்தில், கூட வருபவர்கள் இதைக் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். விரத நாளில் எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். கூடப் போகும் நண்பர் ஒருவருக்காவது, ‘அவருக்கு சர்க்கரை இருக்கு’ என்ற விஷயம் தெரிந்திருக்கட்டும். கௌரவம் பார்த்து மறைக்கிற ஆண்கள் நிறைய!

வேண்டுதலுக்காக வெறுங்காலுடன் ஏறுவதும் உண்டு. பல வருட சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்கு, கல் குத்தியது கீழே இறங்கி ரத்தத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். அவர்கள் செருப்போ ஷூவோ அணிந்தே ஏறட்டும். சந்நிதியில் கழற்றிக்கொண்டால் போகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் யாரும் எனக்குப் பாடம் எடுப்பீர்கள். இருந்தாலும் ஒரு வார்த்தை. தயிர்சாதம் விடிவதற்குள் புளித்துவிடும். எண்ணெய் மிதக்கும் புளியோதரை ஏற்றத்தில் நெஞ்சைக் கரிக்கும். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் கட்டுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு போதும். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே மலைக்கு ஏற்றது. அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கைத் தடுக்கிறார்கள். கேரி பேக் எதுவும் வேண்டாம். துணிப்பை, எவர்சில்வர் டப்பா போதும்.

50 வயதைக் கடந்த சகோதரிகளுக்கு...

‘இத்தனை வருஷம் காத்திருந்தேன், இந்தத் தடவை நானும் வர்றேன்’ என்று கிளம்பும் அம்மாக்கள் உண்டு. அவர்களின் ஆசையைப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், மாதவிலக்கு நின்ற பிறகுதான் எலும்பு மெலிகிறது. அதுவரை குறைவாக இருந்த இதய நோய் அபாயமும் கூடுகிறது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சை அடைக்கும் வலி இல்லாமலேயே குமட்டல், முதுகுவலி, தாடைவலி, சொல்ல முடியாத அசதி என்று மட்டும்கூட வரலாம். ‘வாயு’ என்று சுக்கைக் கடித்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள்.

இரண்டு மாதம் முன்பே பயிற்சி தொடங்குங்கள். அபார்ட்மென்ட்டில் இருந்தால் லிஃப்ட்டை மறந்துவிடுங்கள். கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படிகள் இருக்கின்றன. முருகனையும் பார்த்த மாதிரி ஆகும். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் முக்கியம். இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழங்காலில் வந்து மோதுகிறது. அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கால் வைப்பதற்கு முன்பே ஒரு படி கீழே தடியை ஊன்றி, அதில் எடையைச் சாய்த்து, பிறகு காலை வையுங்கள். இந்தத் தடியைத்தான் பலரும் வீட்டுக்குக் கொண்டுபோய் பூஜையறையில் வைத்து, அடுத்த வருடமும் எடுத்து வருகிறார்கள்.

கிளம்பும்போது சொல்ல வேண்டியது

‘பாதியில திரும்பி வந்தா சாமி குத்தம்’ என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. மூன்றாவது மலையில் நெஞ்சு கனக்கும்போது மனிதரை மேலே தள்ளுவது பக்தி மட்டும் அல்ல. இந்தப் பயமும், நண்பர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சமும்தான். அதை உடைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். திருநீறு பூசி வழியனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்... ‘முடியலைன்னா திரும்பி வந்துடுங்க. அடிவாரத்துல அதே ஆண்டவர்தான் இருக்கார். அங்க தீபம் ஏத்திட்டு வந்தா போதும்!’ மலையில் நின்று தடுமாறும் நேரத்தில் இந்த வார்த்தைதான் அவர் காதில் ஒலிக்க வேண்டும்.

மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. எத்தனை மணிக்குள் இறங்கிவிடுவார் என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால், நடுவில் போன் வராததற்கெல்லாம் பதறாமல் இருக்கலாம். பூண்டியில் காத்திருப்பவர்கள் மனோன்மணி அம்பாளைத் தரிசித்துவிட்டு, கோயில் வளாகத்திலேயே அமர்ந்து நாமஜபம் செய்யலாம்.

இறங்கியவுடன் யார் வண்டி ஓட்டுவது? இந்தக் கேள்வியைக் கிளம்பும் முன்பே கேளுங்கள். இரவு முழுக்கத் தூங்காமல் பன்னிரண்டு மணி நேரம் நடந்தவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பது, மலையைவிடப் பெரிய ஆபத்து. மலையேறாத டிரைவர் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் பஸ், அதுவும் இல்லையென்றால் நாலைந்து மணி நேரம் அங்கேயே தூங்கிவிட்டுக் கிளம்பட்டும்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு போட்ட மோர் கொடுங்கள்; வெந்நீரில் காலை வைக்கும் முன் பாதத்தில் கீறல், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் வெந்நீர் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். தொடைவலி அன்றைக்குவிட இரண்டாம் நாள்தான் அதிகமாக இருக்கும். அது இயல்பு; நாலு நாளில் சரியாகும். சிறுநீர் மட்டும் கறுப்பு டீ நிறத்தில் போனால், காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.