குடிக்கூலியும் கைரொக்கமும்

பிறர்க்குரிய மனையில் வதிவோர் அதன் பொருட்டுத் திங்கள்தோறும் கொடுக்கும் பொருளைக் குடிக்கூலி என்பர். வாடகை என்பது இக்காலத்துப் பெருவழக்கு. அதனை ரொக்கமாகக் கொடுத்தலானும் வாங்குதலானும் வீட்டுக்காரர்க்கும் குடியிருப்போர்க்கும் விளையும் நன்மை தீமைகளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ரொக்கத்தின் நலங் கூறுவாம். நாட்கூலி பெறுவார்க்கும் சிறு கடை நடத்துவார்க்கும் வருவாய் கையிலேயே வருகின்றது. வந்தவாறே கொடுத்தல் அவர்க்கு எளிது. வீட்டுக்காரர்க்கும் பணம் அப்பொழுதே கைக்கு எட்டும்; காசோலை திரும்புமோ என்னும் அச்சமில்லை. ஆதலின் ரொக்கம் தன்னளவிற் குற்றமுடையதன்று. ஒருவரிடம் ஒரே நாளில் ரூ. 2,00,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுதலை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளதாயினும், எளியோர் தரும் குடிக்கூலி அவ்வெல்லைக்கு உட்பட்டதேயாம்.

பின்னர்க் குற்றம் யாதோவெனின், ரொக்கத்திற்கு வாயில்லை என்பதே. கைம்மாறிய பின் அது யார் தந்தது, எத்திங்களுக்குத் தந்தது என்று சொல்லாது. எம் விடுதிக்கு அணித்தாய தெருவில் தையற்காரர் ஒருவர் பல்லாண்டு குடியிருந்தார். வீட்டுக்காரரோ முதியவர்; நல்லவர். ரசீது கேட்டல் அவரை ஐயுறுதலாகும் என்று தையற்காரர் நாணினார். முதியவர் இறந்தபின், அவர் மைந்தர் பதினொரு திங்கள் வாடகை நிலுவை என்றார். தையற்காரர் தம் சுவர் நாட்காட்டியிற் பென்சிலால் இட்ட குறிகளைக் காட்டினார். மைந்தரும் வஞ்சகரல்லர், தந்தையார் கணக்கெழுதி வையாமையின் எதனை நம்புவதென அறியாது மயங்கினார். முடிவில், மனைவியின் வளையலை அடகு வைத்துப் பாதித் தொகையை மீண்டுங் கொடுத்துத் தையற்காரர் வீட்டைக் காலி செய்தார். ஒருவர் பொருளிழந்தார், மற்றவர் நல்ல குடியை இழந்தார், இரு குடும்பத்தின் நட்பும் ஒழிந்தது. இவ்வளவும் ஒரு துண்டுக் காகிதம் இன்மையான் வந்தன.

கொடுத்தேன் என்பவனே கொடுத்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது நீதிமன்ற வழக்கு. ஆகவே ரசீதில்லாத ரொக்கத்தின் இடர் பெரும்பாலும் எளியவன் தலைமேலதே. இதனை உணர்ந்தே, 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் 2019 பெப்ருவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், வாடகை செலுத்தியவர் கையொப்பமிட்ட ரசீதினை உடனே பெற உரியர் என்றும் விதித்துள்ளது. தொகை ரூ. 5,000க்கு மேற்படின் ரசீதில் ஒரு ரூபாய் ரெவினியூ ஸ்டாம்பு ஒட்டல் வேண்டும்.

சிலர் வரிக்கு அஞ்சி ரசீது தர மறுப்பர். நகராட்சிக்குச் செலுத்திய வரி போக எஞ்சிய வாடகையில் 100க்கு 30 கழித்த பின்னரே வருமான வரி கணக்கிடப்படும் என்பதை அவர் நினைத்தல் நன்று. அன்றியும், மறைத்து வாங்கிய பணத்தை மறைத்தே வைத்தல் வேண்டும். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்ட பொழுது, பெட்டியிற் பூட்டி வைத்தோர் பட்ட பாட்டை நாடறியும். மேலும், குடியிருப்போர் வாடகை தராது ஏமாற்றின், இவ்வளவு வாடகை பேசினோம் என்று காட்டச் சான்றின்றி இவரும் இடர்ப்படுவர்.

ஆகலின் யாம் கூறுவது இதுவே: வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்த வல்லார் அவ்வாறே செய்க; அப்பதிவே சான்றாகும். ரொக்கமாகவே கொடுப்போர் நாள், திங்கள், தொகை குறித்த ரசீதினைக் கேட்டுப் பெறுக. வீட்டுக்காரர் கேளாமுன்னரே கொடுக்க. ரசீது கேட்டல் ஐயமன்று. இருவரும் இல்லாத காலத்தும் அவர்தம் மக்களிடை வழக்கெழாமற் காக்கும் அன்பேயாம். அத்தையற்காரரின் நாட்காட்டி எமக்குக் கற்பித்த பாடம் இது.