பெங்களூருக்குக் கிளம்பும் மகளுக்கு

பாகாலா,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது. தாமலசெருவு மண்டியில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்பதால் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை.

நீ போனில் அழுததை உன் அப்பா சொன்னான். வேலை கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று உன் அம்மாவுக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்லை. அனிமேஷன் கம்பெனியில் அடுத்தவன் கதைக்கு மலையும் மரமும் போட்டுக் கொடுத்தே காலம் ஓடிவிடும், கேன்வாஸ் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்று பயப்படுகிறாய். அது நியாயமான பயம்தான். ஆனாலும் போ என்றுதான் சொல்வேன்.

நீ போகிற ஊரில் ருமாலே சென்னபசவய்யா என்று ஒரு ஓவியர் இருந்தார். 1910-ல் தொட்டபள்ளாப்பூரில் பிறந்தவர். இளவயதில் பெங்களூரிலும் மைசூரிலும் ஓவியம் படித்தார். காந்தி கூப்பிட்டதும் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போராட்டத்துக்குப் போனார். சிறை, சேவாதளம், ‘தாயிநாடு’ பத்திரிகை ஆசிரியர் வேலை, பிறகு மேல்சபை உறுப்பினர் பதவி. 1960-களில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, அரசியலை விட்டுவிட்டுப் பழையபடி வரைய உட்கார்ந்தார். 1988-ல் காலமாகும்வரை ஓவியம்தான்.

இவ்வளவு பார்த்தவர் திரும்பி வந்து எதை வரைந்தார் தெரியுமா? பெரும்பாலும் பூத்த மரங்களை. பெங்களூர்ப் பூங்காக்களையும் தெருவோர மரங்களையும் எதிரே உட்கார்ந்து வரைந்தார். இலையை இலையாக வரைகிற ஆள் இல்லை அவர். தள்ளி நின்று பார்த்தால் மரம், கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல். ‘லேண்ட்ஸ்கேப் எல்லாம் காலண்டர் சமாசாரம்’ என்று காலேஜில் உன்னைக் கிண்டல் செய்தவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். ஜெயிலும் மேல்சபையும் பார்த்த மனுஷனுக்கு ஒரு குல்மோஹர் போதுமான விஷயமாக இருந்திருக்கிறது.

அந்த ஊர் மரங்களே ஒரு தினுசு. லால்பாக் தோட்டத்தைக் கவனித்துக்கொண்ட க்ரும்பிகல் என்ற ஜெர்மன்காரர், வருஷம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நட வழி செய்தார். ஜக்கரண்டா உதிர்ந்தால் குல்மோஹர் சிவக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளியே இறங்கினால் உனக்கு விஷயப் பஞ்சம் வராது.

இருபது வருஷம் கழித்துக்கூடத் திரும்பலாம் என்று மட்டும் ருமாலே கதையை எடுத்துக்கொள்ளாதே. போராட்டமும் அரசியலும் தந்த அனுபவம்தான் அவர் ஓவியத்துக்கு உரம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன வருஷங்கள் போனவைதான். தேசத்துக்காகப் போனது என்பதால் அவருக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். கம்பெனி டெட்லைனுக்காகப் போனால் உனக்கு என்ன சமாதானம்? அதனால் நிறுத்தாதே. வாரத்துக்கு ஒரு படம், உள்ளங்கை அளவே ஆனாலும் சரி.

ராத்திரி பி.ஜி. ரூமில் மரம் கிடைக்காது, ஸ்டில் லைஃப் கிடைக்கும். நீ அதை ‘பர்ஸ்ட் இயர் பாடம்’ என்று மட்டமாகப் பேசுவாய். பிரெஞ்சு ஓவியர் செசான் ஆயுசு முழுக்க ஆப்பிள் வரைந்தார். அவர் வேகத்துக்குப் பழம் அழுகிவிடும் என்று சொல்வார்கள். (அவருடைய அப்பா பேங்க் முதலாளி என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா ரயில்வே பென்ஷன்காரன். அந்த வித்தியாசம்தான் உன்னை வேலைக்குப் போகச் சொல்கிறது.)

நேற்று மண்டியிலிருந்து வந்த ஒரு பெங்களூரா மாங்காயைப் பேப்பர்மேல் வைத்துப் பார்த்தேன். காம்புக்குக் கீழே பால் வடிந்த கறை கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது. தோளில் மஞ்சள் ஏறத் தொடங்கி, மூக்கு நுனியில் இன்னும் பச்சை. பேப்பரில் விழுந்த நிழல் கறுப்பே இல்லை. காய்க்கு ஒட்டிய இடத்தில் பச்சை ஏறியிருந்தது, ஓரத்துக்குப் போகப் போக ஊதா. நீயும் ஒரு காய் வைத்துப் பார். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் பல்ப் போட்ட டேபிள் லேம்ப்பை ஒரு பக்கமாக வை. ஜன்னல் வெளிச்சமும் கொஞ்சம் இருக்கிற அந்தி நேரமானால் நிழல் நீலமாகத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இது பாதி கற்றுத் தரும்.

இன்னொரு தொல்லையும் வரும். நாள் முழுக்க ஸ்கிரீனில் வேலை செய்கிற கண்ணுக்கு ட்யூப் கலர் மங்கலாகத்தான் தெரியும். ஸ்கிரீன் பச்சை வெளிச்சம், ட்யூப் பச்சை பொடி. அந்தப் பளபளப்பைப் பிடிக்கக் கலரை மேலே மேலே பூசினால் சேறாகிவிடும். பக்கத்தில் எந்தக் கலர் வைக்கிறாய் என்பதில்தான் பச்சை பிரகாசமாகும். அப்புறம், வாட்டர்கலரில் ‘அண்டூ’ பட்டன் கிடையாது. போட்ட வாஷ் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இரு. கம்பெனிக்காரன் உனக்கு அந்தப் பொறுமையைக் கற்றுத் தரமாட்டான்.

போட்டோவைப் பார்த்து வரையாதே என்று கட்டளையே போடுகிறேன். போட்டோவில் நிழல் எல்லாம் அடைத்த கறுப்பாகிவிடும். நேரில் போய்ப் பார்த்து வரை. ஓவியர் மோனே 1877-ல் பாரிஸ் ஸேன் லஸார் ஸ்டேஷனுக்குள்ளேயே போய், இன்ஜின் விட்ட நீராவியைப் பல படங்களாகப் போட்டார். மீட்டர் கேஜ் காலத்தில் நம் ஜங்ஷனிலும் காலை வெயிலில் நீராவி ஆரஞ்சாகவும் நீலமாகவும் கலந்து எழும்பும். நாங்கள் புகை கண்ணில் படுகிறது என்று திட்டிக்கொண்டு நின்றோம். அதை வரைய இந்த ஊரில் ஒருத்தரும் இல்லாமல் போனதில் எனக்கு இப்போதும் வருத்தம்.

ஓவியர் வெங்கடப்பாவின் ஊட்டி, கொடைக்கானல் வாட்டர்கலர்களையும் தேடிப் பார். கப்பன் பார்க் பக்கம் கஸ்தூர்பா ரோட்டில் அவர் பெயரிலேயே ஒரு கேலரி இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போ. ருமாலேயின் வெயிலுக்கு நேர் எதிர் அவர், எல்லாம் மூட்டமும் பனியும். இரண்டு பேரில் யார் பக்கம் உன் கண் சாய்கிறது என்று எனக்கு எழுது.

முதல் சம்பளத்தில் அறுபது கலர் பெட்டி வாங்கிவிடாதே. நல்ல கம்பெனி கலராக ஆறு ட்யூப், ஒரு பெரிய ரவுண்ட் பிரஷ், கனமான பேப்பர் போதும். மிச்சத்தை அம்மாவிடம் கொடு, கோபம் குறையும். சித்தூரில் பஸ் ஏறியதும் ஜன்னல் சீட் பிடி. பலமநேர் தாண்டி முல்பாகல் வரும்போது பாறைக் குன்றுகள் சாயங்கால வெயிலில் என்ன கலரில் இருக்கின்றன என்று எழுது. ‘பிரவுன்’ என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா