கடற்பாசிக்கு அன்னாசி பகை இல்லை

அன்பு மகளுக்கு,

தீபாவளி மலரில் நீ எழுதிய அடுப்பில்லா இனிப்புகள் கட்டுரையைப் படித்தேன். விடுதியிலும் ஒற்றை அறை வாடகை வீட்டிலும் இருக்கிற பிள்ளைகளை நினைத்து எழுத ஓர் ஆள் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். எந்தக் கிண்ணம் மைக்ரோவேவுக்கு ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த சங்கதி. அதற்குள் போகவில்லை. உன் கடற்பாசி (அகர் அகர்) இனிப்புக் குறிப்பின் கடைசி வரிக்கு வருகிறேன். ‘அன்னாசிப்பழம் சேர்த்தால் பாசி உறையாது’ என்று எழுதியிருக்கிறாய்.

யார் சொன்னது உனக்கு? ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுத உன் கை வந்திருக்காது. அது ஜெலட்டினின் குணம். மாடு, பன்றி இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற புரதம் ஜெலட்டின். பச்சை அன்னாசியில் இருக்கிற புரோமெலைன் என்ற நொதி புரதத்தை வெட்டிப் போட்டுவிடும். அதனால் ஜெலட்டின் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். பச்சைப் பப்பாளியிலும் இதே வேலையைச் செய்கிற நொதி உண்டு. கடற்பாசியை உறைய வைப்பது புரதம் கிடையாது, கூட்டுச் சர்க்கரை. அதில் அந்த நொதியின் பாச்சா பலிக்காது. அன்னாசியைப் பொடியாக நறுக்கித் தட்டில் பரப்பி, மேலே சூடான பாசிக் கரைசலை ஊற்றிப் பார், சொன்னபடி உறையும்.

பாசிக்கு ஆகாதது வேறொன்று உண்டு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிடுவது. எலுமிச்சைச் சாற்றையோ அன்னாசிச் சாற்றையோ கொதிக்கும்போதே ஊற்றினால் பாசியின் பிடிப்பு தளர்ந்து, வெட்டும்போது துண்டு குழையும். வெளியே எடுத்த பிறகு சேர்த்தால் ஒரு பழுதும் இல்லை. எச்சரிக்கை என்று ஒன்று எழுதுவதானால் அந்த இடத்தில் இதை எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு இதில் இத்தனை கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஜெலட்டினுக்காக எங்கோ எழுதியதை எடுத்து, பெயரை மட்டும் கடற்பாசி என்று மாற்றிப் போடுகிற வழக்கத்தை நம் சமையல் பக்கங்களில் பல வருஷமாகப் பார்க்கிறேன். ‘ஆறு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும்’ என்று நீ எழுதியதும் அந்த வழியில் வந்ததுதான். ஜெலட்டின் 30, 35 டிகிரியிலேயே இளகிவிடும், அதற்கு ஃப்ரிட்ஜ் இல்லாமல் கதியில்லை. கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே தானாக உறைகிறது. மறுபடி இளக வேண்டுமானால் 85 டிகிரி வரை ஏற வேண்டும். சென்னையில் மே மாதத்து நடுப்பகலில் மேசைமேல் வைத்தாலும் துண்டு துண்டாக நிற்கும். ஃப்ரிட்ஜ் வேண்டியது ஜில்லென்று சாப்பிட மட்டும்தான். உன் கட்டுரையைப் படிக்கிற விடுதிப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் ஃப்ரிட்ஜ் இருக்கும்? அவர்களால் செய்ய முடிந்த ஓர் இனிப்பை அந்த ஒரு வரியால் அவர்கள் கைக்கு எட்டாமல் செய்துவிட்டாய்.

நான் வளர்ந்தது இராமநாதபுரத்தில். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மாமி தினமும் கடற்பாசி காய்ச்சுவார்கள். அந்த வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு காய்ச்சி ஊற்றினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அழகாக வெட்டித் தட்டில் வந்துவிடும். ஊறின பாசியைத் தண்ணீரில் மட்டும் கொதிக்கவைத்து, இழை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் கரைந்த பிறகுதான் சீனி போடுவார்கள். காய்ச்சின பாலைச் சூடாகவே வைத்திருந்து கடைசியில் ஊற்றுவார்கள். ஆறின பாலை ஊற்றினால் பட்ட இடத்திலேயே பாசி உறைந்து திரிதிரியாகிவிடும். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டி எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றுவது. அடியில் பால் வெள்ளை, மேலே ரோஸ். முதல் அடுக்கில் ஆடை கட்டி, விரலால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் உள்ளே இன்னும் கதகதப்பாக இருக்கும்போது இரண்டாவது அடுக்கை ஊற்ற வேண்டும். முழுக்க ஆறவிட்டு ஊற்றினால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும். மாமி விரல் வைத்துப் பார்க்கும் அந்தக் கணத்துக்காக நாங்கள் பிள்ளைகள் எல்லாம் தாம்பாளத்தைச் சுற்றி நிற்போம். அந்தப் பக்கத்துக் கடலில், பாம்பனிலும் மண்டபத்திலும், பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறைகளுக்கு இடையே முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அகர் எடுக்கிற பாசி அது. நமக்கு இவ்வளவு பக்கத்தில் விளைகிற பொருளுக்கு அயலூர் ஜெலட்டினின் விதியை ஏன் போட வேண்டும்?

மைக்ரோவேவில் கரைக்கலாம் என்று நீ சொன்னது சரிதான். ஆனால் ‘இரண்டு நிமிடம்’ போதாது. ஓரம் கொதிக்கும்போது நடுவில் இழைகள் அப்படியே கிடக்கும். வெளியே எடுத்துக் கிளறி மறுபடி வைக்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, இழை ஒன்றுகூடத் தெரியாமல் போகிற வரைக்கும் இதையே செய்ய வேண்டும். ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பார்த்தால் ஓரிரு நிமிடத்தில் உறைந்துவிடும். அப்படி உறையாவிட்டால் ஊற்றவே கூடாது.

இரண்டாவது குறை நிமிடக் கணக்கு. கட்டுரை முழுக்க ‘ஹையில் ஆறு நிமிடம்’, ‘ஹையில் மூன்று நிமிடம்’. எந்த ஹை? வீடுகளில் இருக்கிற மைக்ரோவேவில் 700 வாட் உண்டு, 800 உண்டு, 1000 உண்டு. 700 வாட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் 1000 வாட்டில் நாலே கால் நிமிடம்கூட வேண்டாம். மீதி நேரம் சர்க்கரை கருகும். 1000 வாட்டில் பார்த்து எழுதிய ஆறு நிமிடத்துக்கு 700 வாட்காரர் எட்டரை நிமிடம் வைக்க வேண்டும். பின்பக்கத்து லேபிளில் இரண்டு எண் இருக்கும்; பெரியது மின்சாரம் இழுக்கிற அளவு, சிறியது உணவுக்குப் போகிற அளவு. சிறியதைத்தான் சொல்ல வேண்டும். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் புத்தகம் 1951-இல் வந்தபோது, சொல்லித்தரப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத பெண்கள் அதை நம்பிச் சமைத்தார்கள். ஆழாக்கும் பலமும் எண்ணிச் சொல்லியிருந்ததால் வந்த நம்பிக்கை அது. இந்தக் காலத்தில் வாட்டும் அந்த மாதிரி ஓர் அளவுதான். ரவை கேக்கைப் ‘பொன்னிறமாகும் வரை’ வைக்கச் சொல்லியிருக்கிறாயே, அதையும் எடுத்துவிடு. சாதாரண மைக்ரோவேவில் கேக்கின் மேல்பக்கம் சிவக்காது. பொன்னிறத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு ரப்பர்தான் கிடைக்கும்.

இப்போது திரட்டுப்பாலுக்கு வருகிறேன். கண்டென்ஸ்டு மில்க், ஒரு கரண்டி தயிர், நெய். எல்லோரும் எழுதுகிற குறிப்புதான். ஆனால் நீ எழுதினது போல இதுவரை யாரும் எழுதி நான் படித்ததில்லை. முதலில் நுரை கிண்ணத்தின் விளிம்பு வரை பொங்கி வந்து அடங்குவது, அடுத்த தடவை பாதி வரைக்கும் வருவது, பிறகு பொங்குவது நின்று கனத்த குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்பது, ஓரத்தில் நெய் கசிவது, தயிரின் புளிப்பில் பால் திரிந்து மணல் மணலாக வருவது. இத்தனையையும் கண்ணாடிக் கதவு வழியாக நின்று பார்த்தவளால்தான் எழுத முடியும். ‘இன்னும் கொஞ்சம் தளர இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், வெளியே இருந்தபடியே இறுகும்’ என்று எழுதினாயே, அந்த வரிக்காக உன் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். உன் வாட்டும் என் வாட்டும் வேறாக இருந்தும் என் வீட்டில் அப்படியே வந்தது, நிமிடத்தை விட்டுவிட்டு உன் குமிழியைப் பார்த்துச் செய்ததால். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று சொல்லிக்கொள்ளாமல் விட்டதற்கும் ஒரு சபாஷ். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பால்கோவா, பாலை நின்று சுண்டவைக்கிற வேலை. உன்னுடையது வேறொரு பலகாரம், அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது.

திரட்டுப்பாலை எழுதிய அதே கை அன்னாசி வரியையும் எழுதியது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து இளநீர் புட்டிங் எழுது. அதில் பாசியின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. இளநீரைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். குளிர்ச்சியாக ஊற்றினால் பாசி திரிதிரியாகும். பாசியைக் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக்கொண்டு, இளநீரைக் கை பொறுக்கிற சூட்டுக்கு வெதுப்பி ஊற்ற வேண்டும். வழுக்கையை எப்போது சேர்த்தால் அடியில் தங்காமல் நடுவில் நிற்கும் என்பதை நீயே கண்டுபிடி. எத்தனை கிராம் பாசிக்கு எத்தனை மில்லி இளநீர், உன் மைக்ரோவேவ் எத்தனை வாட் என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே போட்டுவிடு. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, நானும் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் வாசகி