காணாமற்போனவரும் குடும்பத்தின் இரத்தத் துளியும்

ஒருவர் மவுத்தானது உறுதியானால்தான் அவர் மனைவி இத்தா இருக்க முடியும். சொத்து வாரிசுகளுக்குப் பங்காகும். ஆளும் வரவில்லை, மய்யித்தும் கிடைக்கவில்லை என்றால்? இப்படிப்பட்டவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூது' என்கின்றன. அவர் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கணவனைப் பற்றி நான்காண்டு தகவலே இல்லையென்றால் மனைவி கோர்ட்டில் விடுதலை கோரலாம் என்கிறது நம் நாட்டு 1939-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நான்காண்டும் அவள் நிலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். குற்றத்தை மறைக்க, புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள் கொலைகாரர்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. உறவினர் கொடுத்த இரத்தத் துளிகளின் டி.என்.ஏ.வை எலும்புகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டே ஏறத்தாழ 7000 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். போடோச்சாரி மைதானத்தில் ஜூலை 11-இல் இப்படிப்பட்டவர்களுக்கு ஜனாஸா தொழுது நல்லடக்கம் செய்கிறார்கள்.

பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி வருகிறது. ஆகவே பெற்றோர், பிள்ளைகளின் இரத்தமே வலுவான சாட்சி. உறவு விலக விலகச் சாட்சியும் மெலிகிறது. தந்தையும் மக்களும் சேர்ந்து மடிந்த வீடுகளில் துளி கொடுக்க யார் மிஞ்சுவார்? வயது முதிர்ந்த தாய் மறைந்துவிட்டால் அந்தச் சாட்சியும் மறைகிறது. பெரியவர்கள் இருக்கும்போதே எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

இது எங்கோ நடந்த கதையல்ல. 2024 ஜூலை 30-இல் வயநாட்டு மண்சரிவில் இறந்தவர்களுள் அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் எண் எழுதிப் புதைத்தார்கள். பிறகு டி.என்.ஏ. சோதனைதான் பலருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? ஜைது (ரலி), உஸாமா (ரலி) இருவரும் போர்த்திப் படுத்திருக்க, வெளியே தெரிந்த பாதங்களை மட்டும் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார் முஜஸ்ஸிஸ். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இது கேட்டு மகிழ்ந்ததை ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கிறார்கள். இதை வைத்து ஷாபியீ மத்ஹபில் சாயல் பார்த்துச் சொல்லும் சாட்சி ஏற்கப்படுகிறது. ஹனபி மத்ஹபில் இல்லை. மக்காவின் ராபிதா ஃபிக்ஹு அகாடமி 2002-இல், விபத்திலும் போரிலும் இறந்தவரை அறியவும், மருத்துவமனையில் குழந்தைகள் மாறிய சந்தேகத்தைத் தீர்க்கவும் டி.என்.ஏ.வை அனுமதித்தது. ஆனால் நிலைபெற்ற நஸபைச் சோதித்துப் பார்க்கவோ, லிஆனுக்குப் பதிலாகவோ கூடாது என்று தடுத்தது. சந்தேகப் புத்திக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வீட்டுப் பெண்களின் மானத்தைத் துருவும் கருவியல்ல இது.

எடுப்பது எளிது. விரல் நுனி இரத்தத்தை இதற்கென உள்ள தாளில் ஒற்றி, நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் ஈரம் படாமல் வைக்கலாம், ஆண்டுகள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடித்துக் கெடும். உறையின் மேல் பெயர், தகப்பனார் பெயர், எடுத்த தேதி இருக்கட்டும். கொடுப்பவரின் சம்மதம் வேண்டும். வாரிசு அறிந்துகொள்ள என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளிடம் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. கம்பெனி கைமாறினால் அமானிதமும் கைமாறிவிடும். பத்திரங்களோடு பத்திரமாக வீட்டிலேயே இருக்கட்டும், இருக்கும் இடம் இருவருக்காவது தெரிந்து.