செத்தல், இடித்த மிளகாய், தூள்: எதில் காரம் மிகுதி?

நுவரெலியா, அட்டன் பகுதிகளின் குளிரில் கரட்டும் கோவாவும் செழிப்பது போல மிளகாய் செழிப்பதில்லை. ஆதலால் உலர் வலயத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் செத்தல் மிளகாயையே நம் கமக்காரர் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குகின்றனர். எவ்வடிவில் வாங்குவது நன்று என்பதை அறிந்தால் வீண் செலவும் நோயும் குறையும்.

காரம் இருக்கும் இடம்

காரத்தைத் தருவது கப்சைசின் என்னும் பொருள். இது விதையில் உண்டாவதன்று. விதைகளைத் தாங்கும் வெளிறிய உட்தசையில் உண்டாகின்றது. எனவே, விதையை மட்டும் உதிர்த்தால் காரம் அதிகம் குறையாது; அத்தசையையும் நீக்குதல் வேண்டும். நிறமும் காரத்தின் அளவுகோலன்று. காஷ்மீர் மிளகாய் செக்கச் சிவந்தது, ஆயினும் காரம் குறைந்தது. கொச்சிக்காய் சிறியது, ஆயினும் காரம் மிக்கது.

ஒப்பிட்டறியும் முறை

1. ஒரே குவியலிலிருந்து ஒத்த பருமனுள்ள 15 செத்தல்களைத் தெரிந்து, ஐந்தைந்தாகப் பிரித்துக்கொள்க.

2. முதற் பங்கை முழுதாக விடுக. இரண்டாவதைக் கொரகொரப்பாக இடிக்க. மூன்றாவதை நுண்ணிய தூளாக்குக.

3. சம அளவு பருப்பில் மூன்றையும் தனித்தனியே இட்டு, ஒரே நேரம் வேகவைக்க.

4. முழுச் செத்தல் இட்டதிலிருந்து தொடங்கிச் சுவைத்துப் பார்க்க. இடையிடையே தயிர் உண்க. தயிர் காரத்தைத் தணிக்கும், தண்ணீர் தணிக்காது.

தூளிட்ட பருப்பே மிகக் காரமாகத் தோன்றும். எனினும் மூன்று பங்கிலும் இருந்த கப்சைசின் ஏறக்குறைய ஒரே அளவினதே. தூளில் அது கறியெங்கும் விரைவிற் பரவுகின்றது. முழுச் செத்தலிலோ பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகின்றது. கப்சைசின் எண்ணெயிற் கரைவதால், செத்தலைக் கிள்ளி எண்ணெயில் தாளித்தால் காரம் நன்கு வெளிப்படும்.

வாங்குதலும் காத்தலும்

தூளில் கலப்படமோ பூஞ்சணமோ இருப்பின் கண்ணுக்குப் புலப்படாது. முழுச் செத்தலைப் பிளந்து பார்க்கலாம். ஆகையால் செத்தலாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் இடித்துக்கொள்வதே நன்று.

மூடுபனிக் காலத்தில் லயன் அறைகளில் ஈரம் மிகுதி. குலுக்கினால் விதை ஒலிக்கவும், மடித்தால் முறியவும் தக்கவாறு செத்தலை உலர்த்தி, இறுக மூடிய தகரப்பேணியில் வைக்க. பூஞ்சணம் பிடித்த மிளகாயில் அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றாக அழியாது. இத்தகைய மிளகாயை இடித்துத் தூளிற் சேர்த்தல் கூடாது. விலை கொடுத்து வாங்கியதேயாயினும் எறிந்துவிடுக.

இடித்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அதுவரை கண்ணையும் குழந்தைகளையும் தொடற்க.