அலுமினியம் ஏன் அடுப்புக்கு அடங்குவதில்லை?

கேள்வி: இரும்பைக் கரி போட்டு உருக்கியே எடுத்துவிடுகிறார்கள். அலுமினியத்துக்கு மட்டும் ஏன் மின்சாரம்? பாக்சைட்டைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் போதாதா? – பிளஸ் ஒன் மாணவி, சேலம்

இரும்பிடமிருந்து ஆக்சிஜனைக் கரி பறித்துவிடும். அலுமினியத்தின் பிடி உடும்புப்பிடி. 2,000 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் கரியின் ஜபம் பலிக்கும்; அப்போதும் பாதி கார்பைடாகிக் காரியம் கெடும்.

தண்ணீர் யோசனை தேறாது. பாக்சைட்டிலிருந்து எடுக்கும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தண்ணீரில் கரையாது. கரையும் அலுமினிய உப்பை எடுத்தாலும் ஹைட்ரஜன்தான் முந்திக்கொண்டு வெளியே வரும்.

அலுமினா தானாக உருக 2,072 டிகிரி வேண்டும். அதை உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்தால் சுமார் 960 டிகிரியே போதும். 1886இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த வழி இது. அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் தொட்டிக்கு நாலைந்து வோல்ட்தான், ஆனால் ஆம்பியர் லட்சக்கணக்கில் ஓடும். உருகிய அலுமினியம் அடியில் தங்கும். மேலே ஆக்சிஜன் பட்டு, நேர்மின்முனையான கரிக்கட்டை எரிந்து தேயும் (ஆக, கரிக்கு இங்கும் வேலை உண்டு!). அதை அடிக்கடி மாற்றுவார்கள். தேர்வில் இந்த வரியை மறக்காமல் எழுதுங்கள், மதிப்பெண் இருக்கிறது.

ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் ஆகும். 100 யூனிட்டில் ஏழு கிலோ தேறும். பழைய பாத்திரத்தை உருக்கினால் அந்த மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு சக்தியே போதும். ஓட்டை விழுந்த குண்டானைக் குப்பையில் வீசாதீர்கள், பழைய இரும்புக்கடையில் போடுங்கள்.